வெளியேறும் நாள்

ஜனவரி 8, செவ்வாய்

காலையில் மோட்டார் ஓடவில்லை. கீழ் வீட்டில் இரண்டு குடம் வாங்கிச் சமாளித்தேன். கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் பேப்பர் படித்தபோதுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது.

இணையதளப் பொறுப்பு மசோதா என்று ஒன்று வரப்போகிறது. யாராவது ஒருவர் ஒரு தளத்தின் மேல் புகார் கொடுத்தால் போதும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அந்தத் தளத்தின் பெயரையே முடக்கிவிடலாம். தளம் நடத்துகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. நாடாளுமன்றக் குழு பிப்ரவரி கடைசி வரை ஆட்சேபங்களைக் கேட்கிறது. அதற்குக் கீழேயே இன்னொரு செய்தி. இணையப் பெயர்களைப் பதிவு செய்து தரும் நேம்கோட்டை நிறுவனத்தின் தலைவர், "இந்தச் சட்டத்தை நாங்கள் முழுமனதோடு ஆதரிக்கிறோம்" என்று குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

என் 'மருந்துச்சீட்டு' தளத்தின் பெயர் நேம்கோட்டையில்தான் பதிவாகியிருக்கிறது. அப்பாவுக்கு இடது காலுக்குப் பதில் வலது காலில் ஆபரேஷன் செய்த பிறகு நான் ஆரம்பித்த தளம். பன்னிரண்டு வருடங்களில் நாலாயிரம் பேருக்கு மேல் தங்களுக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததை அதில் எழுதியிருக்கிறார்கள். இந்தச் சட்டம் வந்தால் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் ஒரே ஒரு கடிதம் போதும், அத்தனையும் போய்விடும்.

பெயரைப் பதிந்து கொடுத்தவள் ஹெலன். திருச்சி தில்லைநகரில் நேம்கோட்டையின் முகவராக இருக்கிறாள். ஊரில் அறுநூறு கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையப் பெயர் வாங்கிக் கொடுத்து, வருடா வருடம் புதுப்பித்துத் தருகிறாள். என் தளத்தின் பெயரை அவள் பெயரிலேயே பதிந்துகொண்டாள். "நீ எழுது, பேரை நான் பாத்துக்கிறேன்" என்றாள் அன்று. அதன் பிறகு பதிவு விஷயத்தை நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

ஜனவரி 9, புதன்

இதை முதலில் ஹெலனிடம் பேச வேண்டும். சனிக்கிழமை பேசிக்கொள்ளலாம்.

ஜனவரி 12, சனி

சனிக்கிழமை மதியச் சாப்பாடு எப்போதும் ஹெலன் அலுவலகத்தில்தான். பத்தொன்பது வருடப் பழக்கம். நான் சாதமும் பொரியலும் கொண்டுபோவேன், குழம்பு அவளுடையது. இன்று விரால் மீன். அவளிடம் வேலை செய்யும் தௌலத் நிஷாவும் கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு போன் எடுக்க எழுந்து போனாள். ஹெலன் அந்த இளநீலப் புடவையில் வந்திருந்தாள். அதைக் கட்டும் நாளில் அவள் முகம் தெளிந்திருக்கும்.

மசோதாவைப் பற்றிப் பேசத்தான் போனேன். வேறு பேச்சு வந்துவிட்டது. நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். பிறகு உட்கார்ந்து ஒரே மூச்சில் கட்டுரையை எழுதினேன். தலைப்பு, 'வெளியேறுவோம்'. நம்மை வாயடைக்கும் சட்டத்துக்குக் கை தூக்குகிற நிறுவனத்திடம் நம் பெயரை ஏன் ஒப்படைத்து வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பிப்ரவரி பத்தாம் தேதி எல்லோரும் ஒரே நாளில் நேம்கோட்டையை விட்டு வேறு நிறுவனத்துக்கு மாறுவோம், முதல் பெயராக மருந்துச்சீட்டு வெளியேறும் என்று முடித்தேன். மாறுவது எப்படி என்றும் படிப்படியாக எழுதினேன்: பெயர் கைமாறாமல் போட்டிருக்கும் பூட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும், மாற்றுக் குறியீட்டை வாங்க வேண்டும், அதைப் புது நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தளத்தில் ஏற்றிவிட்டேன். ஹெலனிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கும் இதில் மாற்றுக் கருத்து இருக்காது.

ஜனவரி 13, ஞாயிறு

பதினோரு மணிக்குள் நூற்று நாற்பது மறுமொழிகள். கோவையிலிருந்து ஒரு புத்தக வியாபாரி தன்னுடைய ஆறு பெயர்களையும் மாற்றப்போவதாக எழுதியிருக்கிறார். மதுரை வழக்கறிஞர் ஒருவர், குழுவுக்கு அனுப்ப வேண்டிய ஆட்சேபக் கடிதத்தின் மாதிரியை எழுதித் தந்தார்.

ஹெலன் ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கு போன் செய்வாள். இன்று செய்யவில்லை.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். உழக்கு அரிசி வைத்தாலே எனக்கு மிஞ்சும். பழக்கத்தில் அரைப் படி வைத்துவிட்டேன். கீழ் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கொடுத்தேன்.

ஜனவரி 17, வியாழன்

ஹெலன் போன் செய்தாள். கல்லூரி வராந்தாவில் நின்று பேசினேன்.

கட்டுரையைப் படித்துவிட்டாளாம். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். நேம்கோட்டை செய்வது அயோக்கியத்தனம்தான் என்றாள். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. முகவர்கள் விலக வேண்டுமென்றால் மூன்று மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கொடுத்துவிட்டால் தன் வாடிக்கையாளர்களை அவளே வேறு நிறுவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். அவர்களாக அவசரத்தில் கலைந்து போனால் ஒரேயடியாகப் போனதுதான்.

"ஏப்ரல் வரைக்கும் தள்ளிப் போடு உமா. அறுநூறு பேரையும் நானே கூட்டிட்டு வந்து உன் பக்கம் நிக்கிறேன்."

குழு பிப்ரவரியோடு கதவைச் சாத்திவிடும், ஏப்ரலில் வெளியேறி யாருக்குப் பயன் என்று சொன்னேன். அது உண்மைதான். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு, "சரி, உனக்கு கிளாஸ் இருக்கும்" என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 21, திங்கள்

இரண்டு நாளிதழ்களில் செய்தி வந்துவிட்டது. ஒன்றில் என் புகைப்படம். கல்லூரி முதல்வர் அம்மா தன் அறைக்கு அழைத்து, கல்லூரி பெயர் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது, பதிவு செய்தேன்.

ஜனவரி 26, சனி

கொடியேற்றிவிட்டு வந்தேன். விடுமுறைதான் என்றாலும் ஹெலன் மதியம் வரை கடையைத் திறந்து வைப்பாள். போகவில்லை. குழுவுக்கு அனுப்பும் ஆட்சேபத்தை எழுதினேன்.

பிப்ரவரி 2, சனி

மருந்துச்சீட்டு ஹெலன் பெயரில் இருப்பதால் மாற்றுக் குறியீட்டை அவளிடம்தான் வாங்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று மூன்று நாளாக யோசித்து, கடைசியில் செய்தி அனுப்பினேன். மற்ற வாடிக்கையாளர்கள் எழுதுவதைப் போலவே எழுதினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. பூட்டைத் திறந்தாயிற்று. கீழே குறியீடு, பதினாறு எழுத்துகள். அதற்கும் கீழே ஒரு வரி: 'புது இடத்துக்குப் போனதும் உரிமையாளர் பெயரை உன் பெயருக்கு மாத்திக்கோ. மறந்துடாதே.'

நான்கு விடைத்தாள் கட்டு பாக்கி இருக்கிறது. ஒன்றுகூடத் திருத்தவில்லை.

பிப்ரவரி 10, ஞாயிறு

வெளியேறும் நாள். காலை ஒன்பது மணிக்கு மருந்துச்சீட்டு மாறியது. அதைத் தொடர்ந்து நாள் முழுக்க ஒவ்வொருவராகத் தெரிவித்துக்கொண்டே இருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு இரண்டாயிரத்து முந்நூறு பெயர்கள். கோவைப் புத்தக வியாபாரி போனில் அழுதேவிட்டார்.

எனக்கும் சந்தோஷம்தான். வேறென்ன.

பிப்ரவரி 11, திங்கள்

சத்திரம் பஸ் நிலையத்தில் தௌலத் நிஷாவைப் பார்த்தேன். பார்க்காதது போலப் போகப் பார்த்தாள். நானே கூப்பிட்டேன்.

பத்து நாளாக அலுவலகத்தில் போனை எடுக்கவே பயமாக இருக்கிறதாம். பெயரை மாற்றிக் கேட்பவர்கள் பாதி, திட்டுபவர்கள் பாதி. யாரோ ஹெலன் கடையின் பெயர்ப் பலகையைப் படமெடுத்து, என் கட்டுரையிலிருந்து இரண்டு வரியைக் கீழே போட்டு ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். தௌலத் தன் போனில் அதைக் காட்டினாள்.

'அந்த நிறுவனத்தின் சரக்கை விற்றுப் பிழைப்பவர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவதும் இந்தச் சட்டத்துக்குத் துணை போவதுதான்.'

நான் எழுதியதுதான். ஆனால் பொதுவாக எழுதியது. தமிழ்நாட்டில் நேம்கோட்டைக்கு இருநூறு முகவர்களாவது இருப்பார்கள்.

யார் கேட்டாலும் ஹெலன் மறுக்காமல் குறியீட்டைக் கொடுத்துவிடுகிறாள் என்று தௌலத் சொன்னாள். வசைபாடியவர்களுக்கும் அன்றைக்கே கொடுத்துவிடுகிறாளாம். மற்ற ஊர் முகவர்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்று எனக்குப் புகார்கள் வந்துகொண்டிருக்கின்றன. திருச்சியிலிருந்து மட்டும் ஒரு புகாரும் இல்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

அந்த இரண்டு வரிகளையும் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன். வாசகர் ஒருவர், ஏன் எடுத்தீர்கள், மிரட்டினார்களா என்று கேட்டிருந்தார். பதில் எழுதவில்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

தலைவலி. லீவு போட்டேன்.

பிப்ரவரி 23, சனி

ஆறாவது சனிக்கிழமை. தில்லைநகர் வரை பஸ்ஸில் போய், அவள் தெருவுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். டிபன் கேரியரைத் திறக்காமலே கழுவி வைக்க முடியாது. சாதத்தைக் காக்கைக்கு வைத்தேன்.

ஜனவரி 12 பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'வேறு பேச்சு வந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். என்ன பேச்சு என்று எழுதவில்லை. இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. பிறகு ஏன் எழுதவில்லை என்று தெரியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தௌலத் எழுந்து போன பிறகு, ஹெலன் தட்டிலிருந்த முள்ளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் அண்ணன் ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். திண்டுக்கல். பேங்க்கில் வேலை, மனைவி தவறி மூன்று வருடம் ஆகிறது, பன்னிரண்டு வயதில் ஒரு பெண். பெயர் அமலன். இதையெல்லாம் வேறு யாருடைய விஷயத்தையோ சொல்வது போலச் சொன்னாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ என்ன சொல்ற உமா?"

நான் வாழ்த்துகள் என்றேன். நல்ல இடம் போலத் தெரிகிறது, யோசிக்காதே என்றேன். அவள் இன்னும் பார்த்துக்கொண்டேயிருந்தாள். "அவ்வளவுதானா?" என்றாள். நேரமாகிவிட்டது என்று கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அதன் பிறகுதான் மாவு அரைத்தேன். அதன் பிறகுதான் கட்டுரையை எழுதினேன்.

சட்டம் தவறான சட்டம். நேம்கோட்டை செய்தது தவறு. அன்று ஹெலன் ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தாலும் அந்தக் கட்டுரையை எழுதியிருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த இரண்டு வரிகளை எழுதியிருப்பேனா என்பதுதான்.

மார்ச் 1, வெள்ளி

நேம்கோட்டை பின்வாங்கிவிட்டது. தங்கள் ஆதரவைத் திரும்பப் பெறுவதாகவும், வாடிக்கையாளர்களின் உணர்வை மதிப்பதாகவும் அறிக்கை. நாடு முழுக்கப் பல மொழிகளில் பலர் எழுதியதன் விளைவு. அதில் எங்கள் பங்கு கொஞ்சம். மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்றும் பேச்சு.

மதுரை வழக்கறிஞர் இனிப்பு அனுப்பினார். ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள். முதல்வர் அம்மாவே ஊட்டிவிட்டார். சிரித்தேன்.

இந்தச் செய்தியை முதலில் சொல்ல வேண்டியவள் நினைவுக்கு வந்து, போனை எடுத்து, வைத்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

இன்று போனேன். கல்லூரியிலிருந்து நேரே தில்லைநகர்.

பெயர்ப் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே மேசைகள் இல்லை. ஹெலன் தரையில் உட்கார்ந்து பழைய ரசீதுகளையும் கடிதங்களையும் கிழித்து மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ஆச்சரியமும் படவில்லை. பக்கத்தில் கிடந்த பேப்பரை விரித்து, உட்கார் என்று தட்டிக் காட்டினாள்.

அறுநூற்றில் தொண்ணூறு பேர்தான் மிஞ்சினார்களாம். அவர்களையும் உறையூரில் இருக்கும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டாள். தௌலத்துக்கு அங்கேயே வேலைக்கும் சொல்லிவிட்டாளாம். இதையெல்லாம் நான் கேட்டுத்தான் சொன்னாள். குரலில் கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நானும் கடிதங்களைக் கிழிக்க ஆரம்பித்தேன். கால் மணி நேரம் இரண்டு பேரும் கிழித்தோம். பிறகு நான்தான், நேம்கோட்டை பின்வாங்கிவிட்டது தெரியுமா என்றேன்.

"பேப்பர்ல பாத்தேன். நல்லதுதான். நீ எழுதுனது சரி உமா. அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. நானே முதல் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

கையிலிருந்த தாளைக் கிழிக்காமல் மடித்தாள்.

"தெருக்களிலும்னு எழுதியிருந்தியே. அது யாரை நெனச்சு எழுதின?"

இதைக் கேட்பாள் என்று தெரிந்துதான் இத்தனை நாள் வராமலிருந்தேன். உன்னை நினைத்துத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து ஏன் என்று கேட்பாள். அந்த 'ஏன்'னுக்கு என்னிடம் பதில் இருந்தது. இருபது வருடத்தில் ஒருமுறைகூட வாயால் சொல்லிப் பார்க்காத பதில்.

"பொதுவா எழுதுனது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தது போல இருந்தது. அவ்வளவு நேரம் இருந்திருக்காது.

"சரி" என்றாள். மடித்த தாளைக் கிழித்து மூட்டையில் போட்டாள்.

மார்ச் 6, புதன்

சாம்பல் புதன். எங்கள் துறையில் இரண்டு மாணவிகள் நெற்றியில் சாம்பலோடு வந்திருந்தார்கள். தவக்காலத்தில் ஹெலன் மீன் சாப்பிட மாட்டாள். நாற்பது நாளும் சனிக்கிழமைக் குழம்பை நான்தான் வைத்துக்கொண்டு போவேன்.

மார்ச் 20, புதன்

உறையூரில் தௌலத் நிஷாவின் புது அலுவலகம். தளத்தின் உரிமையாளர் பெயரை மாற்ற ஒரு தாள் தேவைப்பட்டது என்று சொல்லிக்கொண்டு போனேன். தாளை மின்னஞ்சலிலேயே வாங்கியிருக்கலாம்.

தௌலத் டீ வாங்கிக் கொடுத்தாள். ஹெலன் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ஈஸ்டர் முடிந்து கல்யாணம், திண்டுக்கல்லில் குடித்தனம் என்றாள். நான் தலையாட்டினேன். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, மேலே சொல்லிக்கொண்டே போனாள்.

"மொதல்ல அக்கா வேணாம்னுதான் சொல்லிட்டாங்க. பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கெழமை, பூசை முடிஞ்சு வந்து அண்ணனுக்குப் போன் பண்ணி, எனக்கு இங்கயே நல்லாத்தான் இருக்கு, இந்தப் பேச்ச விட்டுருங்கன்னாங்க. நான் ரெனிவல் லிஸ்ட் எடுக்க வந்திருந்தேன், பக்கத்துலதான் இருந்தேன். போன வச்சுட்டு சிரிச்சாங்க. அப்புறந்தான் கம்ப்யூட்டரைத் திறந்து நீங்க எழுதுனதைப் படிச்சாங்க."

டீ ஆறிவிட்டது. குடித்தேன். கடையை மூடிய வாரம் அண்ணன் மறுபடி வந்தாராம். இனிமேல் இங்கே உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாராம்.

தாளை வாங்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

ஒரு கடிதம் எழுதினேன். எட்டுப் பக்கம். ஜனவரி 12 அன்று அவள் கேட்டதற்கான பதில். கிழிக்கவில்லை, அனுப்பவும் இல்லை. பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஏப்ரல் 3, புதன்

மசோதாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தளத்தில் நான்கு வரி எழுதினேன். தஞ்சாவூரிலிருந்து ஒரு பெண்மணி, தன் பிரசவத்தில் நடந்ததை இப்போதுதான் தைரியமாக எழுதுகிறேன் என்று அனுப்பியிருந்தார். அதைத் திருத்தி ஏற்றினேன். இந்தப் பெண்மணிக்காகத்தானே எல்லாம். அப்படித்தான். அதில் பொய் இல்லை.

ஏப்ரல் 24, புதன்

தபாலில் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையில் ஹெலன் கையெழுத்து. 'செல்வி மு. உமையாள் அவர்களுக்கு' என்று முழுப் பெயரும் எழுதியிருக்கிறாள். உள்ளே அச்சடித்ததைத் தவிர ஒன்றும் இல்லை.

மே 12, ஞாயிறு

ஹெலனின் பங்குக் கோயிலுக்கு இன்று போனேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயர்களைக் கோயிலில் வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று ஹெலன் சொல்வாள். இன்று மூன்றாவது ஓலை. முதல் இரண்டுக்கும் போகவில்லை.

கடைசிப் பெஞ்சில் இடம் கிடைத்தது. ஹெலன் முன்னால் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டுக்குக் கீழே பின்னல் மட்டும் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. நான் வந்தது அவளுக்குத் தெரியாது.

பூசை முடியும் நேரத்தில் சாமியார் தாளை எடுத்து வாசித்தார். திண்டுக்கல்லைச் சேர்ந்த காலஞ்சென்ற சவரிமுத்து, தெரசம்மாள் ஆகியோரின் மகன் அமலன். நம் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற ஜெபமாலை, திருமதி மரியபுஷ்பம் ஆகியோரின் மகள் ஹெலன் மேரி. இவர்கள் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

வாசித்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. என் இரண்டு கைகளும் முன் பெஞ்சின் முதுகைப் பிடித்திருந்தன. எழுந்திருக்கப் போகிறவள் பிடிப்பது போல.

சாமியார் தாளைத் திருப்பி, சிறுவர்களுக்கான கோடை விடுமுறை வகுப்பைப் பற்றி அறிவித்தார்.

பக்கத்தில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. தன் முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்மா?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

"அவங்ககிட்ட வாடிக்கையாளரா இருந்தேங்க" என்றேன்.